கோமுகிக் கரையில் கவிழ்த்த பரிசல்கள்

கச்சிராயபாளையத்தைத் தாண்டி மேற்கே போனால் கரும்புக் கொல்லைகள் முடியும் இடத்தில் கல்வராயன் மலை எழுந்து நிற்கும். அதன் அடிவாரத்தில் கோமுகி அணை. மேலே பொட்டியம், கல்படை, மாயம்பாடிப் பக்கம் பெய்கிற மழை ஓடைகளாக இறங்கி இங்கே வந்து தேங்குகிறது. உயரம் 46 அடி, கொள்ளளவு 560 மில்லியன் கனஅடி. மேட்டூரையும் சாத்தனூரையும் பார்த்தவர்கள் இதைச் சின்ன அணை என்பார்கள். எங்கள் ஊருக்கு நெல்லும் கரும்பும் மீனும் கொடுத்தது இந்தச் சின்ன அணைதான்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அணை நிரம்பும். பாதுகாப்புக் கருதி 44 அடிக்கு மேல் தேக்கமாட்டார்கள். அந்த மட்டம் வந்ததும் உபரி நீரைத் திறந்துவிடுவார்கள். கோமுகி ஆறு கள்ளக்குறிச்சி வழியாகக் கிழக்கே ஓடி மணிமுக்தாவில் கலக்கும். பிறகு வெள்ளாற்றோடு சேர்ந்து பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடும். தை, மாசியில் வாய்க்கால் பாசனத்துக்குத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். பங்குனி பிறக்கும்போது நீர் இறங்கி, கரையோரச் சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருக்கும். மலையடிவாரத்துப் பாறைகள் மேல் காலை எட்டு மணிக்கே கை வைக்க முடியாது. அந்த வெயிலில்தான் பரிசல்களைக் கரையேற்றிக் கவிழ்த்து வைப்பார்கள்.

அணைக்கரை என்றதும் பலருக்கு மதகும் பூங்காவும் நினைவுக்கு வரலாம். எனக்கு வருவது உருகும் தாரின் வாசனை. பரிசல்களைப் பழுது பார்த்தவர் எங்களுக்குப் பெரியப்பா முறை. மேட்டூர்ப் பக்கத்தில் தொழில் பழகி, இங்கே பெண் கட்டி, இந்தத் தண்ணீரோடே தங்கிவிட்டவர். மீன் பிடிப்பவர்கள் எல்லாருக்கும் பரிசல் ஓட்டத் தெரியும். முடையத் தெரிந்தவர்களும் சிலர் இருந்தார்கள். ஆனால் ஒழுகும் பரிசலைப் பார்த்து எங்கே ஒழுகுகிறது என்று சொல்ல அவரிடம்தான் வருவார்கள்.

“பெரிப்பா, நடுவுல தண்ணி ஊறிக்கிட்டே இருக்கு, வந்து பாருங்க.”

“தண்ணி நிக்கிற எடத்தச் சொல்லாதப்பா. வர்ற எடத்தச் சொல்லு.”

ஒவ்வொரு பங்குனியிலும் இந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறேன். அவர் வித்தை முழுவதும் அந்தப் பதிலில் இருந்தது. பரிசலின் அடி நடுவில் தாழ்ந்திருக்கும். எந்த ஓரத்தில் தண்ணீர் நுழைந்தாலும் மூங்கில் பிளாச்சின் மேலேயே ஓடி நடுவுக்கு வந்துதான் நிற்கும். பார்ப்பவன் நடுவில்தான் ஓட்டை என்று நினைத்து அங்கே ஒட்டுப் போடுவான். மறுநாளும் அதே இடத்தில் தண்ணீர் நிற்கும். அதன் மேல் இன்னொரு ஒட்டு. அப்படி நடு முழுதும் தார் ஏறிக் கனத்துப்போன பரிசல்கள் அவரிடம் வரும். உண்மையான பிளவோ விளிம்புக்கு ஒரு சாண் கீழே, யார் கண்ணிலும் படாமல் இருக்கும்.

கசிவைப் பற்றிச் சொல்வதற்கு முன் பரிசல் கட்டும் விதத்தைச் சொல்ல வேண்டும். மலையிலிருந்து மூங்கில் வரும். அதைத் தேய்பிறையில் வெட்ட வேண்டும் என்பார்கள். வெட்டியதைக் கரையோரத் தண்ணீரில் கல் ஏற்றிச் சில வாரங்கள் ஊறப்போடுவார்கள். தண்டுக்குள் இருக்கும் மாவுச்சத்து தண்ணீரில் கரைந்து வெளியேறுவதால் துளைக்கும் வண்டு அதை அவ்வளவாக நாடாது. ஊறிய மூங்கிலைப் பிளாச்சுகளாகப் பிளந்து, தரையில் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, நடுவைப் பின்னி, பின்னல் மேல் கல்லை வைத்து அழுத்தி, நுனிகளை மேலே வளைத்துத் தூக்குவார்கள். விளிம்பில் பிளாச்சுகளைக் கயிறாக முறுக்கி வாய்க்கட்டுக் கட்டினால் ஆறேழு அடி அகலத்தில் ஒரு பெரிய கூடை. ஆணி கிடையாது. வெளியே உரச்சாக்குகளைப் பிரித்துத் தைத்துப் போர்த்தி, அதன் மேல் தார் பூசினால் பரிசல் தயார். ஒரே ஆள் தலையில் கவிழ்த்துக்கொண்டு மேடேறிவிடலாம்.

தண்ணீரைத் தடுப்பது அந்தச் சாக்கும் தாரும் மட்டுமே. உள்ளே இருக்கும் மூங்கில் உருவம் கொடுக்கிறது, எடை தாங்குகிறது; அதுவே சில சமயம் தோலுக்குப் பகையாகவும் ஆகிறது. ஒடிந்த பிளாச்சின் சிராய், ஆள் ஏறி மிதிக்கும்போதெல்லாம் சாக்கை உள்ளிருந்து குத்தும். அணை கட்டியபோது தண்ணீருக்குள் போன மரங்களின் கட்டைகள் கோடையில் நீர்மட்டத்துக்குக் கீழே மறைந்து நின்று அடியைக் கிழிக்கும். கெளுத்தியின் முள், தூண்டில் கொக்கி, கரையில் இழுக்கும்போது தேய்க்கும் சரளைக்கல் என்று காரணங்கள் பல. மழைக்காலத்தில் வீட்டோரம் சாத்தி வைத்த பரிசலில் மீன் வாடைக்கு எலி வந்து கடிக்கும். பெரியப்பா ஓட்டையைப் பார்த்ததும் அதை உண்டாக்கியது எது என்று சொல்வார். எலிக்கடிக்கு ஓரம் பிசிர் பிசிராக இருக்கும். சிராய்க் குத்தில் தார் வெளிப்பக்கமாகப் பிதுங்கியிருக்கும். கட்டை கிழித்த இடம் நீளக் கோடு. காரணத்தைச் சரி செய்யாமல் ஓட்டையை மட்டும் அடைத்தால் பக்கத்திலேயே இன்னொன்று வரும் என்பது அவர் கணக்கு. அதனால் தார்ச் சட்டியைத் தொடுமுன் கத்தியை எடுத்துச் சிராயைச் சீவுவார்.

ஓட்டையைத் தேடுவதற்கு அவர் வைத்திருந்த முறைகளை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே கற்றோம்.

முதலில் பரிசலைக் கழுவித் துடைத்து, முழுக்கக் காய வைப்பார். வலையிலிருந்து சொட்டிய நீர், துடுப்பு வழி வந்த நீர், ராத்திரி மழை எல்லாம் உள்ளே கிடந்தால் எது கசிவு என்று தெரியாது. பிறகு அடுப்புச் சாம்பலைச் சலித்து உட்புறம் மெல்லியதாகத் தூவுவார். கரையோரம் முழங்கால் தண்ணீரில் பரிசலை மிதக்கவிட்டு, ஆடாமல் பிடித்துக்கொள்ளச் சொல்வார். கொஞ்ச நேரத்தில் வெளிறிய சாம்பலில் ஒரு கறுத்த கோடு தெரியும். நாங்கள் எல்லாரும் அது ஓடும் பக்கம் பார்ப்போம். அவர் கண் கோட்டைப் பிடித்து மேலே ஏறும். ஈரம் தொடங்கும் இடம்தான் ஓட்டையின் தலை. அங்கே கரித்துண்டால் ஒரு வட்டம் போடுவார்.

சில பரிசல்கள் வெறுமையாக மிதக்கும்போது ஒரு சொட்டும் விடாது. ஆள் ஏறி நடுத்தண்ணீர் போனதும் ஒழுகத் தொடங்கும். எடை ஏறும்போது பரிசல் அமிழ்கிறது. நீர்மட்டத்துக்கு மேலே இருந்த பிளவு அப்போது கீழே போகிறது. அதற்காகக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்ப்பார். எந்த மட்டத்தில் ஒழுகத் தொடங்குகிறதோ அந்த மட்டத்தைச் சுற்றிலும் தடவினால் இடம் அகப்படும். தலையில் சுமந்து சுமந்து விளிம்புக்குக் கீழே தார் மடிந்து வெடித்த பரிசல்களை இப்படித்தான் கண்டுபிடிப்பார்.

மூன்றாவது முறைதான் எங்களுக்குப் பிடித்தது. உச்சி வெயிலில் பரிசலைக் கவிழ்த்து, ஓரத்தில் மண் அணைத்து வெளிச்சம் புகாமல் செய்து, எங்களில் ஒருவனை உள்ளே போகச் சொல்வார். உள்ளே தார் நெடியும் புழுக்கமும் மூச்சை அடைக்கும். கண் இருட்டுக்குப் பழகியதும் ஊசி முனை அளவு வெளிச்சப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியிலும் சோளத்தட்டைச் சீவலைச் செருகி வெளியே நீட்ட வேண்டும். அவர் வெளியிலிருந்து வட்டம் போட்டுக்கொண்டே வருவார். ஆனால் வெளிச்சம் நேர்கோட்டில்தான் வரும், தண்ணீர் வளைந்தும் வரும் என்பதால் இதை மட்டும் அவர் நம்பமாட்டார். இரண்டு சாக்குகள் ஒன்றின் மேல் ஒன்று படியும் தையலில் நீர் ஒரு வாயில் புகுந்து, இடுக்கிலேயே நடந்து, வேறு வாயில் வெளிவரும். அத்தகைய பரிசலைக் கற்கள் மேல் நிமிர்த்தி வைத்து, உள்ளே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, அடியில் எங்கே துளிர்க்கிறது என்று பார்ப்பார். சாம்பல், கல், இருட்டு, குடத்துத் தண்ணீர் என்று எல்லாம் சொல்லும் சாட்சி ஒன்றாக இருக்கும்போதுதான் அடுப்பு மூட்டுவார்.

ஒட்டுப் போடுவதிலும் அதே நிதானம். ஓட்டையைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பழைய தாரைச் சுரண்டி எடுப்பார். ஈரம் துளி இருந்தாலும் சூடான தார் பட்டதும் அது ஆவியாகிக் கொப்புளம் கிளப்பும். கொப்புளம் வெடித்த இடம் நாளைக்கு ஓட்டை. ஆகவே அந்த இடம் வெயிலில் காய்ந்தே ஆக வேண்டும். தகர டின்னில் தார் கொதிக்கும். கொதிக்கக் கொதிக்கப் பூசினால் உரச்சாக்கின் பிளாஸ்டிக் இழை உருகிச் சுருங்கிவிடும். ஆறவிட்டால் பிடிக்காது. குச்சியில் எடுத்து ஒழுகவிட்டு, நூல் அறுபடாமல் இறங்கும் பக்குவத்தில் எடுப்பார். வழவழப்பான பாலித்தீன் தாளில் தார் ஒட்டாமல் உரிந்து வரும் என்பதால் நெய்த சாக்கைத்தான் கேட்பார். நெசவின் இடுக்குகளில் தார் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். ஒட்டுத் துணி ஓட்டையைவிட எல்லாப் பக்கமும் நான்கு விரல் அகலமாக, மூலை இல்லாமல் வட்டமாக இருக்கும். மூலை இருந்தால் கரையில் உரசும்போது அங்கிருந்துதான் கிளம்பும். துணி சுற்றிய கோலால், தோசைக்கல்லில் எண்ணெய் தேய்ப்பதுபோல், மெல்லிய தாரை முதலில் தேய்ப்பார். துணியை நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி ஒட்டி, மேலே இன்னொரு பூச்சு. கடைசியில் மணலைத் தூவி விடுவார். சித்திரை வெயிலில் தார் இளகிக் கையில் ஒட்டாமல் அந்த மணல் காக்கும். மார்கழிக் குளிரில் தடித்த தார் வெடிக்கும் என்பதால் கனமாகப் பூசுவது அவருக்கு ஆகாது.

வேலை முடிந்ததும் பெரியம்மா தூக்கில் கூழ் கொண்டு வருவார். கரையோரப் புளியமரத்தடியில் எல்லாரும் உட்காருவோம். மலையிலிருந்து மூங்கிலும் கடுக்காயும் தேனும் கொண்டு வருகிற மலையாளி இனத்துப் பெரியவர்கள் அந்த நிழலில் இளைப்பாறுவார்கள். 1976-ல் அரசு எடுத்துக்கொள்ளும் வரை கல்வராயன் மலை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. அந்தக் காலத்தில் கூலியில்லாமல் உழைத்த கதைகளை அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். சாக்கும் தாரும் வருவதற்கு முன் பரிசலுக்கு எருமைத் தோல் போர்த்தியதைப் பெரியப்பா சொல்வார். தென்னாட்டில் தோல் பதனிட்டது ஆவாரம்பட்டையாலும் கடுக்காயாலும். ஆவாரை எங்கள் தரிசெல்லாம் பூக்கும். கடுக்காய் இந்த மலையின் பேர்பெற்ற விளைச்சல். தோல் பரிசலை ஒவ்வொரு முறையும் கரையேற்றிக் காய வைக்காவிட்டால் அழுகிவிடும்; அதிகம் காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். தண்ணீருக்கும் வெயிலுக்கும் நடுவே அதைக் காப்பாற்றுவதே அன்றாட வேலையாக இருந்திருக்கிறது.

பின்னாளில் படித்தபோது அந்தப் புளியமரத்தடிப் பேச்சு எவ்வளவு தூரம் நீள்கிறது என்று தெரிந்துகொண்டேன். 1520-ஐ ஒட்டி விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுகீசியர் டொமிங்கோ பயஸ், துங்கபத்திரையில் தோல் போர்த்திய வட்டப் படகுகளில் ஜனங்கள் ஆற்றைக் கடப்பதை எழுதி வைத்திருக்கிறார். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1933-ல் தென்னிந்தியப் பரிசல்களைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். இராக்கில் டைக்ரிஸ் நதியில் ஓடிய குஃபா என்னும் வட்டப் படகுக்கும் வெளிப்பூச்சு தார்தான். யூப்ரடிஸ் கரையில் ஹிட் என்ற ஊரில் பூமியிலிருந்தே ஊறும் தாரை எடுத்துப் பூசினார்கள். எங்கள் கரையில் சாலை போட வந்த தாரில் ஒரு டின் வாங்கி உருக்கிய பெரியப்பாவுக்கு பாக்தாதில் கூட்டாளிகள் இருந்திருக்கிறார்கள் என்பதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி பெரியது.

எங்கள் தண்ணீர் போய்ச் சேரும் பரங்கிப்பேட்டைப் பக்கக் கடற்கரையில் கதை வேறு. கட்டுமரத்துக்கு ஒழுகல் என்பதே இல்லை. மரமே மிதக்கிறது, தண்ணீர் மேலே ஏறி இறங்கிப் போகிறது. பலகைப் படகுக்குக் கலப்பத்துப் பார்க்க வேண்டும்: பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூச வேண்டும். காய்ந்த பலகை தண்ணீரில் ஊறி உப்பி, இடுக்கைத் தானே கொஞ்சம் நெருக்கிக்கொள்ளும். பரிசலின் சாக்குக்கு அந்தக் குணம் இல்லை. அதற்கு மனிதக் கண் மட்டுமே துணை. எங்கள் மலைமேல் கரியாலூர்ப் படகுத்துறையில் சுற்றுலா வருகிறவர்கள் மிதித்து ஓட்டுவது கண்ணாடியிழைப் படகுகள். அவற்றிலும் திருகு போன துளையிலும், மிதியின் அச்சு உடலைத் துளைத்து வரும் இடத்திலும் நீர் புகும். பொருள் மாறினாலும் ஈரத்தைப் பின்னோக்கிப் பிடித்துப் போகிற வழி மாறுவதில்லை.

அந்த வழியை எங்கள் ஊர் பரிசலோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அணைக்கரை மண்ணால் ஆனது. எந்த மண்கரையிலும் கொஞ்சம் நீர் ஊறிக்கொண்டேதான் இருக்கும். அதை ஒழுங்காக வெளியேற்றக் கரையின் அடியில் வடிகால் அமைப்பார்கள். அந்தக் கரையை நாள்தோறும் நடந்து பார்த்துவந்த, லஸ்கர் என்னும் அணைப் பணியாளர் ஒருவர் பெரியப்பாவின் நண்பர். ஊறும் நீர் தெளிவாக இருந்தால் பயமில்லை, கலங்கலாக வந்தால் உடனே சொல்ல வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். கலங்கல் என்றால் கரைக்குள்ளிருக்கும் மண்ணைத் தண்ணீர் அரித்துக்கொண்டு வருகிறது என்று பொருள். அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்து டீட்டன் அணை 1976 ஜூன் 5-ந் தேதி காலையில் கலங்கலாகக் கசியத் தொடங்கி, நண்பகலுக்குச் சற்று முன் உடைந்தது. அதுவும் மண்ணணைதான். அந்த அணையைப் பற்றிப் பின்னாளில் வாசித்தபோது, மழை நாட்களில் குடையோடு கரையோரம் குனிந்து குனிந்து நடந்த லஸ்கரின் அருமை எனக்கு முழுதாக விளங்கியது. ஒருவர் பரிசலில் சாம்பலைப் பார்த்தார், இன்னொருவர் கரையில் நீரின் நிறத்தைப் பார்த்தார். எங்கள் ஊர் நிம்மதியாகத் தூங்கியது இவர்கள் கண்களால்.

இப்போது அரசு மானியத்தில் கண்ணாடியிழைப் பரிசல்கள் கிடைக்கின்றன. உறுதியானவை; எலி கடிக்காது, சிராய் குத்தாது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இரவில் வலை போடப் போகிறவர்களுக்கு அவை கிடைத்ததில் எனக்கு முழு மகிழ்ச்சி. ஆனால் அதுவும் பாறையில் மோதினால் விரியும். விரிசலின் தலையைத் தேடி, காயவைத்து, சுரண்டி, ஓட்டையைவிட அகலமாக இழைத்துணி வைத்துப் பிசினை நீவிப் பூசத் தெரிந்தால் பரிசல் பல வருடம் ஓடும். தெரியாவிட்டால் கரையில் கிடந்து வெயிலில் வெளுக்கும். பொருள் கொடுக்கும்போது பழுது பார்க்கும் கையையும் கூடவே கொடுக்க வேண்டும்.

2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. புதிய அலுவலகங்களும் பயிற்சிகளும் வந்திருக்கின்றன. மீனவர் சங்கத்தினரும் மீன்வளத் துறையும் சேர்ந்து, தண்ணீர் இறங்கிய ஒரு பங்குனியில், கோமுகிக் கரையிலேயே பழுதுபார்க்கும் பயிற்சி நடத்தலாம். சொல்லிக் கொடுக்க வெளியூரிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. பெரியப்பாவிடம் கரித்துண்டு பிடித்தவர்கள் இன்னும் அடிவாரத்து ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கூலி கொடுத்து, முன்னால் உட்கார வைத்து, பள்ளிப் பிள்ளைகளையும் அழைத்து வந்தால் போதும். தேவைப்படுவது சலித்த சாம்பல், சில குடம் தண்ணீர், ஒழுகுகிற ஒரு பரிசல்.